மலையகக் கெண்டையியல்: முதல், கரு, உரி

பாயிரம்

குறிஞ்சி நிலத்தாருக்குத் தேனெடுத்தலும் தினைப்புனம் காத்தலும் கிழங்கு அகழ்தலும் தொழில் என்று இலக்கணம் வகுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மீன்பிடித்தல் நெய்தலுக்குரியது. கெண்டை புரளும் பொய்கை மருதத்தைச் சேர்ந்தது. நிலைமை இவ்வளவு தெளிவாக இருக்க, கடல் மட்டத்துக்கு 3,500 அடிக்கும் மேலே, நாற்புறமும் தேயிலை மலை சூழ, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒருவர் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் குந்தியிருக்கிறார். தலையில் கம்பளிக் கொங்காணி. பக்கத்தில் ஒரு பால்மா டின், அதற்குள் மண்புழு. இவர் எத்திணை மாந்தர்?

இந்தச் சிக்கலைத் தொல்காப்பியர் ஓரளவு முன்கூட்டியே யோசித்திருக்கிறார். திணை ஒன்றோடொன்று மயங்கினால் குற்றமில்லை என்பது அகத்திணையியலின் தீர்ப்பு. நிலம் மட்டும் மயங்காது என்று அதே மூச்சில் சொல்லிவைத்தார். அவர் காலத்தில் மின்சார சபை இல்லை. 1965இல் கெசல்கமுவ ஓயாவை மறித்துக் காசல்ரீ அணையும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை அணையும் எழும்பியபோது நிலமே மயங்கிப்போயிற்று. கொழுந்து எடுத்த மலையில் தண்ணீர் நின்றது. கடைத்தெரு இருந்த இடத்தில் மீன் மேய்ந்தது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் இதற்கு ஏதாவது சமாதானம் கண்டுபிடித்திருப்பார். அவர் இல்லாத குறையைத் தீர்க்கவே இந்த ஆய்வு.

துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய நீர்த்தேக்கத்தில் கெண்டை பிடிக்க விரும்புபவர் தண்ணீரைப் பார்த்துப் பயனில்லை. தண்ணீருக்குக் கீழே கிடக்கும் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். மற்றவையெல்லாம் இதற்கு உரை.

கெண்டை என்று இங்கே சொல்வது, மலையகத்தில் ‘காப்’ என்று அழைக்கப்படும் பெருமீனை. மேல்வாயின் இருபுறமும் இரண்டிரண்டு மீசை, வெண்கல நிறச் செதில், நல்ல குடும்பத்துப் பிள்ளையின் முகபாவம்.

இத்துறையில் முதனூல் சீனத்தில் தோன்றியது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் லி என்ற அமைச்சர் கெண்டை வளர்ப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார் என்பது மரபு. அமைச்சர் வேலையை விட்ட பிறகுதான் மீன் பக்கம் வந்தார் என்பதை நம் அரசியல்வாதிகள் கவனிக்கலாம். வழிநூல் இங்கிலாந்தில், 1653இல், ஐசக் வால்டன் செய்தது. கெண்டைக்குத் தூண்டில் போடுபவனுக்கு அளவுக்கு மிஞ்சிய பொறுமை வேண்டும் என்பதே அதில் அவர் கண்ட முடிவு. அவர் முடித்த இடத்திலிருந்துதான் நம் ஆட்கள் தொடங்குகிறார்கள். சார்புநூல்கள் பல, தேவைப்படும் இடத்தில் சுட்டுவேன்.

கெண்டை எப்படி மலையேறியது என்பதையும் பாயிரத்திலேயே சொல்லிவிடுவது முறை. உயர்மலை ஓடைகளில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய மீன் கிடையாது. அருவிகளைத் தாண்டி மேலேறி வர மீனால் முடியவில்லை. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் டிரவுட் மீனின் முட்டையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். டிரவுட் குளிர்ந்த ஓட்டநீரில் வாழ்வது, பூச்சி வேடமிட்ட இறகைக் கடிப்பது, துரைத்தனமான மீன். கெண்டை 1915ஆம் ஆண்டளவில் வந்தது. தேங்கிய நீர், கலங்கிய நீர், சேற்றடி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. கொடுத்த இடத்தில் குடியிருந்து கிடைத்ததைத் தின்று பெருகியது. யாரைப் போல என்று நான் சொல்லப்போவதில்லை. 1952இல் திலாப்பியா வந்து இருவரையும் எண்ணிக்கையில் மிஞ்சியது.

1990 முதல் 1994 வரை, உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற வாதம் வென்று, நன்னீர் மீன்வளர்ப்புக்கான அரசு ஆதரவு முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்த நான்காண்டுகளும் கெண்டைக்கு அரச பாதுகாப்பு இருந்தது என்று பொருள்கொள்ள வேண்டாம். குஞ்சு விடுவதை நிறுத்தினார்கள். தூண்டில் போடுவது நிற்கவில்லை. பிறகு 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்று தனி அதிகார சபையே அமைந்தது. சட்ட இலக்கம் பெற்ற பின்னும் மீனின் நடத்தையில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

முதற்பொருள்: நிலம்

நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலத்திலிருந்து தொடங்குவோம்.

காசல்ரீ ஒரு குளத்தைப் போல வட்டமாகக் கிடக்கவில்லை. ஒவ்வொரு மலைமடுவுக்குள்ளும் விரலை நீட்டிக்கொண்டு, நோர்வூட் பக்கம் ஒரு கை, டிக்கோயாப் பக்கம் ஒரு கை என்று படுத்திருக்கிறது. இத்தனை பரப்பில் மீன் எங்கே இருக்கும் என்று கேட்டால், புதிதாக வருபவர் நடுவைக் காட்டுவார். எட்ட முடியாத தூரத்தில்தான் எப்போதும் மீன் அதிகம் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. கெண்டை உண்மையில் பொழுதின் பெரும்பகுதியைக் கரையோரத்து மேடுபள்ளங்களில் கழிக்கிறது. அதற்கு வேண்டியது சேறும், சேற்றுக்குள் புழுவும், புழுவுக்குப் பக்கத்தில் ஓடி ஒளிய ஓர் ஆழமும். ஆழமும் மேடும் சந்திக்கும் விளிம்பில் அது போய்வரும். அந்த விளிம்புகளை உண்டாக்கியவை பழைய ஓயாவின் படுகை, பழைய வண்டிப்பாதை, பழைய வடிகான், பழைய கல்லுக்கட்டு.

ஆகவே முதல் ஆய்வுக்கருவி, வரைபடம். நில அளவைத் திணைக்களத்தின் தாளில் அந்த இடம் ஒரே நீலமாக இருக்கும், அது பயன்படாது. நமக்கு வேண்டிய வரைபடம் லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. அறுபதுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது எழுபதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவரைக் கரைக்கு அழைத்துவந்து, வெற்றிலை கொடுத்து, கையைக் காட்டச் சொல்ல வேண்டும்.

“அந்தா சவுக்கு மரம் தெரியுதா தம்பி? அதுக்கு நேரா கீழ ரோட்டு. அதுல ஒரு முடக்கு. முடக்குல பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் பீலி.”

“பீலின்னா இன்னமும் தண்ணி வருமா தாத்தா?”

“என்னா தம்பி கேக்குற? அங்க தண்ணிதானே இருக்கு.”

இந்த உரையாடலில் மூன்று மீன் இடங்கள் இருக்கின்றன. ரோட்டு முடக்கின் உட்புறத்தில் வண்டல் படிந்து மென்மையாக இருக்கும். கெண்டை அங்கே தலைகீழாக நின்று சேற்றைக் கிண்டும். பாலத்தின் அடி ஒளிவிடம். தண்ணீர் கொட்டிய பீலிக் குழாய்க்கு மேலே ஒரு சிற்றோடை இருந்திருக்க வேண்டும். மழை பெய்தால் அது இன்றும் அதே வழியாக நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி, மண்ணையும் புழுவையும் கொண்டுவந்து கொட்டும். மழைக்கு மறுநாள் காலை அந்த ஓடைவாயில் தூண்டில் போடாதவர் இத்துறையில் கருத்துச் சொல்லத் தகுதியற்றவர்.

மவுசாகலையில் இந்த முறை இன்னும் நுட்பமாகிறது. அங்கே மூழ்கியது வெறும் மலையன்று. பழைய மஸ்கெலியா டவுனே மூழ்கியது. மாரி பொய்த்து, மின்சாரத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, நீர்மட்டம் கீழே போகும் ஆண்டுகளில் கோயிலின் எச்சமும் பள்ளிவாசலின் எச்சமும் விகாரையின் எச்சமும் வெளியே வந்து நிற்கும். ஹட்டனிலிருந்தும் சாமிமலையிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருவார்கள். படமெடுப்பார்கள், கும்பிடுவார்கள், கண்கலங்குபவர்களும் உண்டு. தூண்டில்காரர் மட்டும் கையில் ஒரு குச்சியோடு அங்குமிங்கும் நடந்து, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை எட்டு என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் கல்நெஞ்சர் என்று திட்ட வேண்டாம். தண்ணீர் வற்றிய காலம் அவருக்குக் களஆய்வுக் காலம். ஆடி மாதம் மீண்டும் நிரம்பிய பிறகு இந்த எட்டுக்கணக்குத்தான் அவருடைய சொத்து. வற்றிய கரையில் மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு, கீழே இடுப்பளவு ஆளை வாங்கும் என்பதையும் அந்தக் குச்சிதான் அவருக்குச் சொல்கிறது.

பழைய தேயிலைத் தூரும் மரக்கட்டையும் உள்ள இடம் கெண்டைக்கு மிகவும் பிடிக்கும். தூண்டில் முள்ளுக்கும் மிகவும் பிடிக்கும். இந்த இடத்தில் மாட்டிய முள்ளை எடுக்க முயன்று தங்கூஸ் நூலை இழந்தவர்கள், பன்னிரண்டாம் நம்பர் மலை மூழ்கிய பிறகும் ஆட்களிடம் கூலி பிடிக்கிறது என்பார்கள்.

அணைக்கட்டை ஒட்டிய பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மீன் இருக்கலாம். விசிலோடு காவலரும் இருக்கிறார். மேலாய்வு தேவையில்லை.

முதற்பொருள்: பொழுது

பெரும்பொழுது ஆறு என்பது நூல்வழக்கு. மஸ்கெலியாப் பக்கத்தில் அதை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம்: தண்ணீர் ஏறும் காலம், தண்ணீர் இறங்கும் காலம்.

வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேல் மழை. மலைச்சாரலில் கொட்டிய தண்ணீரெல்லாம் வந்துசேர, நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறி, புல்லும் செடியுமாக இருந்த கரை மூழ்கும். புதிதாக மூழ்கிய புல்லடியில் மண்புழு மூச்சுமுட்டி வெளியே வரும். கெண்டை முழங்காலளவுத் தண்ணீர்வரை ஏறிவந்து மேயும். அப்போது தூரமாக எறிபவர் மீனின் தலைக்கு மேலாக எறிகிறார். கால் நனையும் இடத்தில் போட வேண்டும். தை மாசியில் இதற்கு எதிர்மாறு. கரை பின்வாங்கும்போது கெண்டையும் பழைய ஓயாப் படுகைக்குள் இறங்கிவிடும். இப்போதுதான் தாத்தாவின் வரைபடம் முழு விலை பெறுகிறது.

இங்கிலாந்துக் கெண்டைக்கு ஓர் உரிமை உண்டு. குளிர்காலத்தில் தண்ணீர் விறைக்கும்போது அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். மலையகத் தண்ணீர் அந்த அளவுக்கு ஒருபோதும் குளிர்வதில்லை. நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் தை மாதக் காலையிலும் கிரகரி வாவி, 1873இல் ஆளுநர் கிரகரி வெட்டுவித்த நாளிலிருந்து, உறைந்து கிடந்ததில்லை. எனவே இங்குள்ள கெண்டைக்கு வருட லீவு இல்லை. ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கிறது. தோட்ட வழக்கம் மீனுக்கும் பொருந்திவிட்டது.

சிறுபொழுதில் வைகறையும் எற்பாடும் சிறந்தவை. எற்பாடு நெய்தலுக்குரியது, வைகறை மருதத்துக்குரியது என்பதால் இலக்கணமும் இதில் மீன்காரர் பக்கமே நிற்கிறது. ஆனால் மலையகத்துக்கென்று ஒரு புறனடை உண்டு. விடிந்தவுடன் மூடுபனியில் மிதப்பே தெரியாது. பனி விலகி, ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஒதுங்கிய குடாவின் ஆழமில்லாத தண்ணீரைச் சுடவைத்த பிறகு, கெண்டை அந்த இளஞ்சூட்டுக்கு வரும். விடிகாலை நான்கு மணிக்கு எழும்பிப்போய், எட்டு மணிக்கு மீன் இல்லை என்று வீடு திரும்புகிறவர்கள் ஒழுக்கத்தில் உயர்ந்தவர்கள். மீன் விஷயத்தில் அப்படியில்லை.

காற்றைப் பற்றிய விதி எளிது. மெல்லிய இளங்காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரைக்கு மேல்நீரின் சூடும் மிதக்கும் தீனியும் போய்ச் சேரும், மீனும் போகும். முகத்தில் காற்று அடிக்கும் இடத்தில் உட்கார வேண்டும். முதுகில் காற்று வாங்கினால் தூண்டில் தூரம் போகும், மனம் குளிரும், மீன் எதிர்க்கரையில் இருக்கும். ஆடிக்காற்றுக்கு இந்த விதி செல்லாது. அந்த ஈரக்குளிர்க் காற்றைக் கெண்டையும் விரும்புவதில்லை. அப்போது மலை மறைக்கும் மடுவுக்குள் ஒதுங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். நம் களத்தில் மரம் சவுக்கு, புள் நீர்க்காகம், விலங்கு கண்ணில் படாமலேயே வலையைக் கிழித்துவிட்டுப் போகும் நீர்நாய், பறை முன்பு காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்ட தப்பு. தெய்வத்தில்தான் ஒரு குழப்பம். தோட்டத்து ஆட்கள் தொழிலுக்கொரு தெய்வம் கண்டவர்கள். கவ்வாத்து வெட்டுவதற்கு முன் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. ஸ்டோர் இயந்திரத்துக்கு ரோதைமுனி. தூண்டிலுக்கு மட்டும் சாமி கிடையாது. தெய்வம் தலையிட்டாலும் தீராத காரியம் என்று முன்னோர் கணித்துவிட்டார்களோ என்னவோ.

உணவு என்ற பிரிவில்தான் இத்துறையின் பெரும்போர் நடக்கிறது. புழுக்கட்சி, ரொட்டிக்கட்சி என இரண்டு மரபுகள். மண்புழுவே இயற்கை, மீன் பிறந்ததிலிருந்து தின்பது அதைத்தான் என்பது புழுக்கட்சியின் வாதம். புழுவைப் போட்டால் கெண்டைக்கு முன் திலாப்பியாக் குஞ்சுகள் வந்து பிய்த்துத் தின்றுவிடும். கோதுமை மாவைப் பிசைந்து, கொஞ்சம் பெருங்காயமோ வனிலாவோ சேர்த்து, சிறுநெல்லி அளவுக்கு இறுக்கமாக உருட்டிப் போட்டால் பெரிய வாய் மட்டும்தான் எடுக்கும் என்பது ரொட்டிக்கட்சியின் வாதம். இரு தரப்பிலும் மீனும் உண்டு, வெறுங்கையும் உண்டு. ஆராய்ந்து பார்த்தால் புழுக்கட்சியார் வெற்றிகளெல்லாம் மழைக்காலத்தில், கலங்கல் தண்ணீரில் நிகழ்ந்தவை. ரொட்டிக்கட்சியார் வெற்றிகள் தெளிந்த தண்ணீரில், வெயில் மாதங்களில். எனவே இரு கட்சியும் சரி. ஆனால் ஆறு ஆறு மாதம்தான் சரி. கூட்டணி வைக்கச் சொன்னால் இரண்டு தரப்பும் கோபிக்கிறது.

இரைக்கு மணம் சேர்ப்பதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. கெண்டைக்குச் சுவைமொட்டு வாய்க்குள் மட்டுமல்ல. மீசையிலும் உதட்டைச் சுற்றியும் இருக்கிறது. அது கண்ணால் தேடுவதைவிட மீசையால் தேடுவது அதிகம். வயிற்றைப் பற்றியும் ஓர் உண்மை: கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. தின்றது தொண்டைப் பற்களில் அரைபட்டு நேரே குடலுக்குப் போகிறது. சேமித்துவைக்க இடமில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக நாள்முழுவதும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இதிலிருந்துதான் முன்னிரை என்ற முறை பிறந்தது. தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து உருட்டி, ஒரே இடத்தில் சில நாட்கள் மாலைதோறும் எறிந்துவந்தால் கெண்டை அதைத் தன் வழியில் சேர்த்துக்கொள்ளும். எறிய வேண்டியது கைப்பிடியளவு. கூடை கூடையாகக் கொட்டினால் மீன் வரும், தின்னும், வயிறு இல்லாவிட்டாலும் நிறையும், போகும். இந்த முறையின் பெரும் இடர் வேறு. நீங்கள் நான்கு நாள் தீனி போட்ட இடத்தில் ஐந்தாம் நாள் விடிகாலை வேறொருவர் உட்கார்ந்திருப்பார். சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இல்லை.

காதைப் பற்றிச் சொல்லாமல் கருப்பொருள் நிறைவுறாது. கெண்டை இனத்துக்குக் காற்றுப்பையிலிருந்து உட்செவிவரை சங்கிலியாகச் சில சிற்றெலும்புகள் உண்டு. காற்றுப்பை முரசாக அதிர, எலும்புகள் அந்த அதிர்வைச் செவிக்குக் கொண்டுபோகும். மிக நல்ல கேள்வித்திறன். இதைக் காட்டித்தான் கரையில் பேசாதே, சிரிக்காதே, இருமாதே என்று பழையவர்கள் மிரட்டுவார்கள். இங்கே ஆய்வு மரபோடு முரண்படுகிறது. காற்றில் எழும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். உள்ளே போவது மிகச் சொற்பம். கரைமண்ணில் காலை ஓங்கி வைத்தால் எழும் அதிர்வோ நேரே தண்ணீருக்குள் இறங்கும். ஆகவே கரையில் நின்று அறிவுரை சொல்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், அவர் நடந்துவராமல் இருந்தால் போதும். அவருடைய குரல் மீனைத் துரத்துவதில்லை. தூண்டில்காரரைத்தான் துரத்துகிறது.

இன்னொரு கருவியும் உண்டு. கெண்டை இரையை உறிஞ்சும். சந்தேகம் வந்தால் அப்படியே வெளியே ஊதிவிடும். முள்ளில் கோத்த உருண்டையை அது ஊதித் தள்ளும் வேகத்தில் மிதப்பு அசைவதுகூட இல்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இருவர் இதற்கொரு மாற்றுக் கண்டார்கள். இரையை முள்ளில் கோக்காமல், முள்ளின் அடியிலிருந்து ஒரு தலைமுடியில் தொங்கவிட்டார்கள். இரையை ஊதும்போது வெறும் முள் உதட்டில் ஏறிவிடுகிறது. கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர்வரும் பையன்கள் இதைக் கைப்பேசியில் பார்த்துப் படித்துக்கொண்டு வருகிறார்கள். முடிக்காக வீட்டுச் சீப்பைத் தேடுவதும், எதற்கு என்று அக்கா தங்கை கேட்பதும், பதில் சொல்ல முடியாமல் விழிப்பதும் இப்போது லயங்களில் காணக்கூடிய புதிய வழக்காறு.

உரிப்பொருள்

இருத்தல் முல்லை. தூண்டிலில் பெரும்பகுதி முல்லைதான்.

தோட்டத்தில் நேரத்துக்கு எடை உண்டு. காலையில் பெரட்டு, பிறகு மலை, பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவம், மறுபடி மலை, மறுபடி மடுவம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம். கரையில் சும்மா குந்தியிருப்பவரை மட்டும் எந்தத் தராசிலும் ஏற்ற முடியாது. அதனால்தானோ என்னவோ அவரைச் சுற்றி உடனே ஒரு நிர்வாகம் கூடிவிடுகிறது. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை வந்து, பக்கத்துக் குடாவில் போன வாரம் யார் எவ்வளவு பிடித்தார் என்ற கணக்கைச் சொல்வார். சங்கத் தலைவர் வந்து, ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் இருப்பது சரியில்லை, இடத்தை மாற்ற வேண்டும் என்பார். தன் பதவியைப் பற்றி அவர் அப்படி நினைப்பதில்லை. டவுனுக்குப் போகிற வழியில் நிற்பவர்கள் நின்றபடியே ஒன்றிரண்டு சொல்லிவிட்டுப் போவார்கள். அறிவுரை கூடக்கூட மீன் குறையும் என்பது இங்கே நிறுவப்பட்ட எதிர்விகிதம். எது காரணம், எது விளைவு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

புணர்தல் குறிஞ்சி. மிதப்பு படபடவென்று துள்ளினால் அது திலாப்பியா. கம்பை இழுக்க வேண்டாம். கெண்டை குனிந்து இரையைத் தூக்கும்போது ஈயத்தின் பாரம் ஒரு கணம் நீங்கி, மிதப்பு நிமிர்ந்து, சாய்ந்து, படுத்துவிடும். பிறகு பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அந்த நகர்வில்தான் சுண்ட வேண்டும். முதல் அசைவிலேயே கம்பைப் பிடுங்கி முள்ளைச் சவுக்கு மரத்தில் மாட்டுபவர்கள் காதலிலும் அவசரக்காரர்களாகவே இருந்திருப்பார்கள்.

பிரிதல் பாலை. கெண்டையின் முதுகுத்துடுப்பில் முதல் பெரிய முள் பின்பக்கம் ரம்பப்பல் கொண்டது. தங்கூஸ் அதன் குறுக்கே சிக்கினால் அறுந்துவிடும். மூங்கில் கம்பில் சுருளி கிடையாது. மீன் ஓடினால் விட்டுக்கொடுக்கக் கம்பின் வளைவும் ஆளின் காலும்தான் உண்டு. எனவே அது ஓடும் பக்கம் கரையோடு தானும் நடக்க வேண்டும், கம்பைத் தாழ்த்தாமல். அது நேரே பழைய தூர்களை நோக்கித்தான் ஓடும். அதற்கும் வரைபடம் தெரியும்.

அறுத்துக்கொண்டு போன மீனைத் திரும்பப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சார்புநூல்: நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் கெண்டைகளைத் தூண்டிலிட்டுச் சோதித்து 1970இல் முடிவை வெளியிட்டார். ஒருமுறை முள்ளில் பட்ட கெண்டை நெடுநாள் முள்ளை அண்டுவதில்லை. ஒரே பாடத்தில் படித்துவிடுகிறது. கரையில் இருக்கும் தரப்பைப் பற்றி அப்படியொரு முடிவை யாரும் வெளியிட்டதாகத் தெரியவில்லை.

இரங்கல் நெய்தல். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தப்பிய மீன் கரையில் முழங்கை நீளம். தேத்தண்ணிக் கடையில் கைநீளம். லயத்தில் வந்துசேரும்போது அதற்கு மீசை நரைத்திருக்கும்.

ஊடல் மருதம், இது மீன் கிடைத்த பிறகு வருவது. 1952இல் ரிச்சர்ட் வாக்கர் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 44 இறாத்தல் கெண்டை ஒன்றைப் பிடித்தார். அதை லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொடுத்தார்கள். கிளாரிசா என்று பெயரிட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வைத்து வளர்த்தார்கள். மஸ்கெலியாவில் பிடிபடும் கெண்டைக்கும் கரையிலேயே பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் குழம்பு.

ஆனால் குழம்பு எளிதில் அமைவதில்லை. கெண்டைச் சதையில் சேற்றுவாடை அடிக்கும். தண்ணீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது அது. மழை பெய்த மண்ணின் வாசனையும் அதனால்தான். மண்ணில் இருந்தால் கவிதை, சட்டியில் இருந்தால் சண்டை. புளிப்பு அதைச் சிதைக்கும். ஆகவே துண்டங்களை எலுமிச்சையில் ஊறவைத்து, புளியைத் தாராளமாகக் கரைத்து, மிளகும் உள்ளியும் இடித்துப் போட வேண்டும். சதைக்குள் கவை கவையாகக் கிடக்கும் சிறுமுள்ளுக்கு வேதியியலில் வழியில்லை. பிள்ளைகளுக்கு ஆளொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்து கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் உடுப்புத் துவைக்க ஆள் நிறைந்திருக்கும் நேரத்தில், உள்ளங்கை அகலச் செதிலோடு ஒரு மீனைக் கொண்டுவந்து போட்டால் வீட்டுத் தலைவி என்ன சொல்வாள் என்பதற்கு இலக்கணம் வேண்டாம்.

“ஆத்துல நாள் முழுக்கக் குந்துனவுங்களுக்குக் கழுவவும் நேரம் இருக்கும்தானே.”

வாயில் மறுத்தல் என்ற துறை இது. தலைவன் வீட்டுக்குள் நுழைய ஒருவர் தூது போக வேண்டும். பாணனும் விறலியும் மலையகத்தில் இல்லாத நிலையில், அந்த வேலை பழைய ரோட்டைக் காட்டிக்கொடுத்த தாத்தாவின் தலையில் விழுகிறது. வரைபடத்துக்குக் கூலியாக மீன்தலை அவருக்குச் சேர வேண்டியது என்பது எழுதாத ஒப்பந்தம். அதைக் கேட்டு அவர் எப்படியும் வருவார். வந்தவரை நிற்கவைத்து ஏச முடியாது. பெரிய மனுசன் வந்துட்டாரே என்று அடுப்பு மூட்டுவார்கள், சோறு வைப்பார்கள், பின்வாசல் வழியாகத் தூண்டில்காரரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். தாத்தா தலையை உறிஞ்சி, செவுளை ஒதுக்கி, புளி சரியாக இருக்கிறதென்று தலையாட்டிவிட்டு, தம்பியின் பக்கம் திரும்புவார்.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கணும் தம்பி. இதைவிடப் பெருசு அங்கதான் கெடக்கு.”